பாலத்தில் விழுந்தவளின் பெயர்

மோரிஜா
3 மே

பெயர் தெரியாத அம்மாவுக்கு,

செய்தி பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை. நான் மொக்கொட்லோங் மலையில் செல்போன் கோபுரத்தின் மேல் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன். கோபுரங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். "மாதுமெலோ செத்துட்டாப்பா" என்று அம்மா சொன்னாள். மேலே காற்று அதிகம். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள். கழற்றி வைத்திருந்த ஆண்டெனாவைத் திருப்பி மாட்டி, நட்டுகளை முறுக்கிவிட்டுத்தான் கீழே இறங்கினேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

போன சனிக்கிழமை அவளைப் புதைத்தோம். என் தலையை மழித்தார்கள். சட்டையில் கறுப்புத் துணி குத்தினார்கள். ஆட்கள் வந்து இஞ்சி பானம் குடித்துவிட்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். தட்டுவது எனக்கு உறைப்பதில்லை.

அவள் போனில் உங்கள் எண் இருந்தது. 'தையல்' என்று மட்டும் போட்டிருந்தாள். எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம், பக்கத்து நாட்டு லேடிபிராண்டில் எவனோ ஒருத்தன் இருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு படித்தேன். "காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டு வா." "கறுப்புப் பாவாடை இரண்டு எடுத்துக்கொள்." "இதயத்தைப் பற்றி நர்ஸிடம் எதையும் மறைக்காதே." "எத்தனை வாரம், எண்ணினாயா?" அந்தக் கடைசிக் கேள்வியைப் படித்தபோதுதான் என் மனைவி கர்ப்பமாக இருந்தது எனக்குத் தெரிந்தது.

மசேரு எல்லைப் பாலத்தில், பாஸ்போர்ட் வரிசையில் அவள் விழுந்தாள். அதே வரிசையில் எங்கள் பக்கத்து வீட்டு மாகராபோ நின்றிருந்தாள், லேடிபிராண்டில் சாமான் வாங்க. அவள் என் மனைவியின் போனை எடுத்து, கடைசியாகப் பேசிய எண்ணை அழைத்தாள். ஒரு பெண் "அப்படி யாரையும் எனக்குத் தெரியாது" என்று சொல்லித் துண்டித்துவிட்டாள். அத்தோடு அந்த எண்ணும் செத்துவிட்டது. மாகராபோ அவளை டாக்ஸியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஊர் திருப்பம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவளை விழுங்கச் சொல்லி எதைக் கொடுத்தனுப்பினீர்கள்? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

போலீஸ் சார்ஜன்ட் கெத்திசா என் அம்மாவுக்குச் சொந்தக்காரர். இந்தப் போனை அவர் கேட்கிறார். எண் செத்தாலும், உயிரோடு இருந்தபோது எந்தக் கோபுரத்தின் கீழ் இருந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியும். அந்தக் கரையிலும் எனக்குத் தெரிந்த தொழில்காரர்கள் உண்டு. அவரிடம் கொடுப்பதற்கு முன் உங்களிடம் கேட்கிறேன்.

போன் எடுக்காவிட்டால் பாலத்தடியில் மாவை உருட்டி மக்வென்யா பொரிக்கிற அம்மாவிடம் சொல்லு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போய் நின்றேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது. சூடா மக்வென்யா வேணுமா, வேணாமா?" என்றாள். ஏப்ரன் பையை மட்டும் தட்டிக் காட்டினாள். இந்தக் கடிதத்தை அதில்தான் போடப் போகிறேன்.

மொலெஃபி


8 மே

ஐயா,

மாதுமெலோ என்று எனக்கு யாரையும் தெரியாது. அன்று போனில் சொன்னதையேதான் இன்றும் எழுதுகிறேன். ஏனென்றால் அது உண்மை.

உங்கள் கடிதம் நன்றாக இருக்கிறது. கோபுரம், காற்று, முறுக்கிய நட்டு. போன வருஷமும் ஒருத்தன் வந்தான், தங்கச்சி செத்துவிட்டாள் என்று ஈரக் கண்ணோடு. என் கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்தான். நான் கைக்குட்டை கொடுத்தேன், புதுசு. அவன் பேச்சை நம்பி நான் சொன்ன ஒரு பெயரால் உங்கள் கரையில் எங்கள் ஆள் ஒருத்தி இன்னும் சிறையில் இருக்கிறாள். இந்தக் கரையில் கருவைக் கலைப்பது குற்றம் இல்லை. அந்தக் கரையில் குற்றம். நடுவில் ஓடுவது முழங்கால் அளவுத் தண்ணீர். ஆகவே ஈரக் கண்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் நான் கதவைச் சாத்திவிடுகிறேன்.

கேள்வி கேட்க உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்காதீர்கள். உங்கள் கையில் இருப்பது ஒரு பெண்ணின் போன். அவளை எனக்குத் தெரியும். அன்று அவள் வரவில்லை. அவளுக்குப் பதிலாக யாரோ ஒரு கிழவி அவள் போனில் அதட்டினாள். அவளை என்ன செய்தீர்கள்? அறையில் பூட்டி வைத்திருக்கிறீர்களா? அடித்தீர்களா? பெண்டாட்டி செத்துவிட்டாள் என்று கதை எழுதினால் மிச்சப் பேரையும் காட்டிக்கொடுப்பேன் என்று யார் சொல்லிக் கொடுத்தது, உங்கள் சார்ஜன்டா?

நீங்கள் நிஜமாகவே புருஷன் என்றால் இரண்டு விஷயம் எழுதுங்கள். மருமகளாக வந்த அன்றைக்கே மாமியார் வைக்கிற பெயர் ஊருக்கே தெரியும். பிறக்காத பிள்ளைக்கு அம்மா என்று வைக்கிற அந்தப் பெயரை எவனும் எழுதலாம். அவளைப் பெற்றவள் வைத்த பெயர் என்ன? அவள் எப்படித் தூங்குவாள்?

என் பெயரைக் கேட்காதீர்கள்.


மோரிஜா
13 மே

அம்மா,

பூட்டி வைத்திருக்கிறேனா என்று கேட்டீர்கள். ஆமாம். ஆறடிக்குக் கீழே, மேலே கல் அடுக்கி.

அவள் பெயர் லினேயோ. இந்தப் பெயரை ஒரு தையல் கடைக்கு எழுதி அனுப்புவேன் என்று நான் நினைத்ததில்லை. கதவு சாத்தியிருக்கும்போது நான் மட்டும் கூப்பிடுகிற பெயர். ஒரு தடவை முற்றத்தில் கூப்பிட்டுவிட்டேன். அம்மா களி கிளறுகிற கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "லினேயோன்னு இந்த வீட்டுக்கு யாரும் வரல. நான் கூட்டிட்டு வந்தது மாதுமெலோவை" என்றாள். அவளை அம்மாவாக்கிய அந்தத் துமெலோ பிறக்கவே இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக அவன்தான் பெரிய ஆள்.

அவள் எப்படித் தூங்குவாள் என்றால், மட்டமாகப் படுக்க மாட்டாள். படுத்தால் மூச்சு நின்றுவிடும். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டது. கோபுர வேலையில் மிஞ்சிய இரும்பை வெட்டி வெல்டிங் செய்து, கட்டிலின் தலைப்பக்கத்தைச் சரிவாகத் தூக்கிக் கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் தூக்கினால் சறுக்கிக் காலடிக்கு வந்துவிடுவாள். அதற்கும் சிரிப்பாள். இப்போது அந்தக் கட்டிலில் நான் படுக்கிறேன். சறுக்குகிறேன்.

போதுமா? இன்னும் தேர்வு பாக்கி இருக்கிறதா?

இனி என் முறை. பிள்ளை வேண்டாம், உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரிடமும்தான் சொன்னார். நான் ஒரு நாளும் பிள்ளை கேட்டதில்லை. அப்படி இருக்க, இதை ஏன் என்னிடம் மறைத்தாள்? புருஷனிடம் சொல்லாதே என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்களா? ஊரில் போடாத மஞ்சள் கோட்டை அன்றைக்கு ஏன் போட்டுக்கொண்டு போனாள்? மாகராபோ ஊர் முழுக்கச் சொல்கிறாள்: "மஞ்சக் கோட்டும் பையில ராத்திரி உடுப்புமா, யாரைப் பாக்கப் போனாளோ!" அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

கெத்திசா நேற்றும் வந்தார். "தம்பி, சின்ன வேலைதானே உனக்கு. எந்தக் கோபுரம்னு மட்டும் சொல்லு, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மொலெஃபி


19 மே

தம்பி மொலெஃபி,

கட்டில் என்று படித்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். "எங்க வீட்டுக்காரர் என் கட்டிலுக்கு மலை ஏறக் கத்துக் கொடுத்திருக்காரு அக்கா" என்று லினேயோ என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

சொல்லிவிடுகிறேன். நடந்ததை நடந்த மாதிரியே.

நான் அவளுக்கு ஒரு மாத்திரைகூடக் கொடுக்கவில்லை. அந்த இதயத்தோடு வீட்டில் மாத்திரை போட்டு முடிக்கிற காரியம் இல்லை இது என்று முதல் நாளே சொன்னேன். புளூம்ஃபொன்டெயினில் ஒரு மருத்துவமனையில் படுக்கை சொல்லி வைத்திருந்தோம். அங்கே போகும் வழிக்காகவே ஒரு நர்ஸைக் காரின் பின்சீட்டில் உட்கார வைத்திருந்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம், டாக்ஸி நிற்கிற இடத்தில் காத்திருந்தோம். மஞ்சள் கோட்டு போடச் சொன்னது நான்தான். கூட்டத்தில் அடையாளம் தெரிவதற்காக. அதை மாகராபோவுக்குச் சொல்லுங்கள்.

அவள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் வேறு குரல். "மாதுமெலோ இங்க விழுந்து கெடக்கா. நீ யாரு? அவளுக்கு நீ என்ன வேணும்?" எங்களிடம் வருகிற பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரைத்தான் சொல்வார்கள். நாங்களே அப்படித்தான் கேட்போம். புகுந்த வீட்டு வாயில் நுழையாத பெயர் என்பதால் அது பத்திரம். அதனால் யாராவது மா என்று தொடங்கி ஒரு பெயரைச் சொல்லி விசாரித்தால், அது வீட்டுக்காரர்கள், ஓடு என்று எங்களுக்குள் ஒரு வழக்கம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவளும் நான்தான்.

மாமியார் வீட்டில் பிடித்துவிட்டார்கள், போனைப் பிடுங்கி வலை விரிக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. தெரியாது என்றேன். சிம்மை உடைத்தேன். நர்ஸ் சொன்னாள், "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடலாமே அக்கா." நான் சொன்னேன், "நாம பாக்கப் போனா அவங்க நம்மளப் பாத்துடுவாங்க." காரைத் திருப்பிவிட்டேன்.

அந்த முனையில் அவள் விழுந்து கிடந்திருக்கிறாள். இந்த முனையில் நர்ஸ் இருந்தாள். மாதுமெலோ யார் என்று நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

ஏன் உங்களிடம் மறைத்தாள் என்றால், நானும் கேட்டேன். "அவருக்குத் தெரிஞ்சா கோபுரத்துல கை நடுங்கும் அக்கா. முடிச்சுட்டு வந்து நானே சொல்றேன்" என்றாள். உங்கள் கரையிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டிருக்கிறாள். உயிருக்கு ஆபத்து என்றால் அங்கேயும் செய்யலாம் அல்லவா. வீட்டுப் பெரியவர்களை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். "பெரியவங்கன்னா மாமியார்தானே. துமெலோ வேணாம்னு துமெலோவோட பாட்டிகிட்டயே போய் எப்படிக் கையெழுத்துக் கேக்கறது?" என்றாள். அதற்கும் சிரித்தாள்.

அந்தப் போனை என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் அதில் இருப்பது நான் மட்டும் இல்லை. நர்ஸ் இருக்கிறாள், மக்வென்யா அம்மா இருக்கிறாள். கொடுப்பதென்றால் என் பெயரை மட்டும் கொடுங்கள்.

டிசெபோ


மோரிஜா
26 மே

டிசெபோ அம்மா,

நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. தப்பிக்கிறவர்களும் இப்படித்தான் எழுதுவார்கள். அதனால் மாகராபோ வீட்டுக்குப் போனேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"போன்ல நீங்க என்ன சொன்னீங்கம்மா? அப்படியே சொல்லுங்க."

"எத்தனை வாட்டிதான் கேப்பே? மாதுமெலோ விழுந்து கெடக்கா, நீ யாருடின்னு கேட்டேன்."

"லினேயோன்னு சொல்லலையா?"

"ஏய், அது என் வாயில எப்படி வரும்? உங்கம்மா வெச்ச பேர விட்டுட்டு அவ பொறந்த வீட்டுப் பேரச் சொல்றதுக்கு எனக்கென்ன கிறுக்கா? எனக்கு அந்தப் பேரே தெரியாதே!"

"வரிசையில அவ ஏதாவது பேசினாளா?"

மாகராபோ ஒரு நெற்று முழுவதையும் உரித்து முடித்தாள். "லினேயோ, லினேயோன்னு முனகினா. யாரையோ கூப்பிடறான்னு நெனச்சேன்" என்றாள். "டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணுமோ தம்பி? ராத்திரி உடுப்பப் பாத்தேன். வீட்டு மானமாச்சேன்னு முதல்ல உங்கம்மாகிட்ட ஒப்படைக்கணும்னு தோணுச்சு."

என் மனைவி தன் பெயரைச் சொல்லியிருக்கிறாள். கேட்டவளுக்கு அது பெயர் என்றே தெரியவில்லை. தெரிந்த நீங்கள் அந்த முனையில் காரில் இருந்தீர்கள்.

இதை எழுதும்போது எனக்கு அழுகை வர வேண்டும். வரவில்லை.

இன்னொன்று. நேற்று அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. "லினேயோ, நான் நியாகல்லோ. பள்ளி விடுதியில் உன் பக்கத்துக் கட்டில். நீ சொன்ன தையல்காரியின் எண் போகவில்லை. ஜூன் 3, சனிக்கிழமை பாலத்துக்கு வருகிறேன். வேறு நாள் எனக்குக் கிடைக்காது. யாரைக் கேட்க?" அவள் செத்தது இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தே யாரோ அனுப்பியிருக்கிறார்கள். இது உங்கள் வேலையா? என் மனதைத் திருப்பவா? கெத்திசாவின் வேலையாகவும் இருக்கலாம்.

அதே சனிக்கிழமைதான் அவள் துணிமணிகளைப் பங்கிடுகிறோம். என் கறுப்புத் துணியையும் அன்றுதான் எடுப்பார்கள். அன்று மதியத்துக்குள் பதில் வேண்டும் என்று கெத்திசா சொல்லிவிட்டார்.

மொலெஃபி


30 மே

தம்பி,

அது நான் இல்லை. சத்தியமாக இல்லை.

பதில் அனுப்பாதீர்கள். பொறியாக இருந்தால் எல்லோரும் மாட்டுவோம். நிஜமாக இருந்தால் கடவுள் அவளைப் பார்த்துக்கொள்ளட்டும், என்னால் முடியாது. லினேயோவுக்குப் பிறகு நான் பாலத்துக்குப் போகவில்லை. காரை எடுத்தால் கை தானாகத் திருப்பிவிடுகிறது. நர்ஸ் என்னோடு பேசுவதில்லை. இப்போது நான் சீருடை மட்டும்தான் தைக்கிறேன்.

முனகினாள் என்று எழுதினீர்களே, அதை எழுதாமல் இருந்திருக்கலாம். இல்லை, எழுதியதுதான் சரி.

டிசெபோ


பாலத்தடி
3 ஜூன், சனிக்கிழமை

டிசெபோ அக்கா,

இந்தக் கடிதத்தை உங்களிடம் கொடுக்கிறவள்தான் நியாகல்லோ. பயப்படாதீர்கள். நானும் சந்தேகப்பட்டேன். ஆனாலும் பதில் அனுப்பி, கொஞ்ச நேரம் வந்து போகச் சொன்னேன். வியாழக்கிழமை மசேரு பஸ் நிலையத்தில் தூரத்தில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் கிட்டே போனேன். லினேயோ இறந்துவிட்டாள் என்று சொன்னேன். நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். விடுதியில் அவள் எப்படித் தூங்குவாள் என்று கேட்டேன். "எங்கங்க தூங்கினா? ராத்திரியானா எங்க தலகாணியெல்லாம் திருடி முதுகுக்கு அடுக்கிட்டு, ராணி மாதிரி உக்காந்திருப்பா" என்று அழுதுகொண்டே சொன்னாள். உங்கள் தேர்வையே நானும் வைத்தேன். பாஸ்.

இன்று காலை வீட்டில் துணிகளைத் துவைத்துப் பாயில் பரப்பினார்கள். லினேயோவின் தாய்மாமன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். போர்வை அவள் அம்மாவுக்கு. காலணி தங்கைக்கு. மஞ்சள் கோட்டு வந்ததும் என் அம்மா, "அத எரிச்சுடுங்க. அதாலதான் மாதுமெலோ போனா" என்றாள். கெத்திசா ஓரமாக உட்கார்ந்து இஞ்சி பானம் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். "அது லினேயோவோட கோட்டு. எனக்குக் குடுங்க" என்றேன்.

"யாரோட கோட்டு?" என்றாள் அம்மா.

"லினேயோவோட கோட்டும்மா."

"ஆம்பளைக்கு எதுக்குடா அது? நீ போட்டுக்கப் போறியா?" என்று யாரோ சிரித்தார்கள். தாய்மாமன் சிரிக்கவில்லை. "எங்க பிள்ளையோட பேர இந்த வீட்டுல இன்னைக்குத்தான் கேக்கறேன்" என்று சொல்லிக் கோட்டை என் கையில் வைத்தார். அம்மா களிப்பானையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. அவளும் பேரனைப் புதைத்தவள்தான். அதை அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டும்.

வாசலில் கெத்திசா என்னை நிறுத்தினார். "எந்தக் கோபுரம்?" என்றார். மதியம் போன் பண்ணிச் சொல்கிறேன் என்றேன்.

டாக்ஸியில் வரும்போது லினேயோவின் போனில் இருந்ததையெல்லாம் அழித்தேன். வெறுமனே அழிக்கவில்லை, எந்த நிபுணனாலும் திரும்ப எடுக்க முடியாதபடி. அதுதானே என் தொழில். உங்களுக்கு அவள் பேசி அனுப்பிய பதிவுகளும் அதில் இருந்தன. அவள் சிரிக்கிற சத்தம் வேறு எங்கும் என்னிடம் இல்லை. ஒரு தடவை கேட்டேன். அதையும் அழித்தேன். அப்போதுதான் அக்கா, பக்கத்தில் இருந்தவர் கைக்குட்டை நீட்டினார். எதற்கு என்று புரியாமல் வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் வருவீர்களா என்று மக்வென்யா அம்மாவைக் கேட்டேன். "சொல்லி அனுப்பியாச்சு. வர்றதும் வராததும் அவ பாடு. நீ முதல்ல இத சாப்பிடு" என்று சூடாக ஒன்றைக் கையில் வைத்தாள்.

மஞ்சள் கோட்டு இவள் மேல் இருக்கிறது. கை கொஞ்சம் நீளம், மடித்துவிட்டிருக்கிறேன். பிறந்த வீட்டில் இவள் நியாகல்லோ. புகுந்த வீட்டில் மாபொலோகோ. யாராவது அழைத்து எந்தப் பெயரைச் சொன்னாலும் இவள்தான். காரைத் திருப்பாதீர்கள். இறங்கி வந்து பாருங்கள். இனி வருகிறவர்களிடமும் இரண்டு பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இவள் அந்த முனைக்குப் போய்ச் சேரும்வரை நான் வரிசையின் பக்கத்திலேயே நடக்கிறேன். விழுந்தால் பிடிக்க ஓர் ஆள் இருக்கட்டும்.

மதியம் ஆகிவிட்டது. கெத்திசா அழைத்துக்கொண்டே இருந்தார். என் போனை அணைத்துவிட்டேன்.

மொலெஃபி